தண்டவாளத் தாமரையின் கடைசிப் பதினொரு நிமிடங்கள்

யாரும் பார்க்காத படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. மறுத்துப் பேச ஆள் இருக்காது. எல்லோரும் பார்த்த படத்தைப் பற்றி வாயைத் திறந்தால் தேநீர்க் கடையில் நாலு பேர் எழும்பி நிற்பார்கள். இரண்டு நாள் ஓடி, மூன்றாம் நாள் சுவரொட்டியை ஆடு தின்றுவிட்ட ஒரு படத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள், எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். இந்த உண்மையை நான் இருபது வயதிலேயே கண்டுபிடித்து, அதை வைத்தே பல வருடம் அறிவாளியாகக் காலம் தள்ளினேன். அந்தக் காலம் எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனது ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அக்கரைப்பற்று. அங்கே நான் வாடகைக்குப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த வீடியோக் கடையை ஒருநாள் மூடினார்கள். சீடி வந்து கசெட்டுக்கு மதிப்பில்லாமல் போன நேரம். நல்ல படங்களையெல்லாம் மற்றவர்கள் முதலே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆருமே வாடகைக்கு எடுக்காத நாற்பத்து மூன்று கசெட்டுகளைக் கடைக்காரர் ஒரு யூரியாப் பையில் போட்டு, "இத நீ கொண்டு போ தம்பி, இல்லாட்டி நான் குப்பையில கொட்டுறன்" என்றார். என் கலை வாழ்க்கை அந்த உரப் பையிலிருந்துதான் தொடங்கியது.

நாற்பத்து மூன்றையும் பார்த்தேன். சிலவற்றை மூன்று தரம் பார்த்தேன். அரசர் காலத்துக் கதை ஒன்றில் மந்திரியின் கையில் கடிகாரம் இருந்தது. "குடைக்காரன் மகள்" என்ற படத்தில் மழை கதாநாயகியின் மேல் மட்டும் பெய்தது, பக்கத்தில் நின்ற கழுதை காய்ந்தே நின்றது. மற்றவர்கள் இதைப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் முகநூலில் இப்படி எழுதினேன்: "மழை அவளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது." (அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.) என் பக்கத்தை இருநூற்றுச் சொச்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் என் தம்பி மட்டும் இரண்டு பெயரில் இருந்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதில் பொய்யில்லை. அந்தப் படங்களை நான் உண்மையாகவே விரும்பினேன். பெரிய படத்தில் எல்லோரும் நடிப்பார்கள். சின்னப் படத்தில், காசில்லாமல் எடுத்த படத்தில், பின்னால் சும்மா நிற்கிற ஒருவர் தெரியாத்தனமாகக் கமராவைப் பார்த்துவிடுவார். எனக்கு அந்த ஆளைத்தான் பிடிக்கும். அவர் ஆர், எந்த ஊர், அன்றைக்குச் சாப்பிட்டாரா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பையில் இருந்ததிலேயே மாணிக்கம் என்று நான் நினைத்த படம் "தண்டவாளத் தாமரை". ஒரு சின்ன ரயில் நிலையம். நிலைய அதிபரின் மகள் தாமரை. ரயிலில் வேலை செய்யும் ஒருவன், திரும்பி வந்து கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நிற்கிறாள். பாட்டுப் பாடுகிறாள், மெலிகிறாள், மறுபடியும் பாடுகிறாள். கடைசியில் ஒரு ரயில் வருகிறது. பெட்டியின் கதவு திறக்கிறது. அந்தக் கணமே திரையில் இரண்டு கோடுகள் ஓடி, ரயில் கதவு மறைந்து ஒரு காரின் கதவு திறக்கிறது. கோட்டும் தொப்பியும் மாலையுமாக ஒரு மாப்பிள்ளை இறங்குகிறார். எங்கள் பக்கத்துக் கலியாண வீடு போல ஒரு வீடு. சத்தமே இல்லை. பாட்டில்லை, கதையில்லை. பதினொரு நிமிடம் அந்தக் கலியாணம் நடக்கிறது, பிறகு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

இதைப் பார்த்த அறிவுள்ள எவனுக்கும் கசெட்டில் ஏதோ கோளாறு என்று விளங்கியிருக்கும். எனக்குப் பதினான்கு பந்தியில் கட்டுரை விளங்கியது. "தாமரைக்குக் கிடைக்காத கலியாணத்தை முன்பின் தெரியாத வேறு மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டு இயக்குநர் மௌனமாக விலகுகிறார்" என்று எழுதினேன். இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து எங்களைப் போன்ற முஸ்லிம் ஊரொன்றைப் படமாக்கிய அவருடைய துணிச்சலைப் புகழ்ந்தேன். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் மூன்று பந்தி. ஒருவரும் மறுக்கவில்லை. என் தம்பி இரண்டு பெயரிலும் விருப்பம் போட்டான்.

பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் றிஸ்வானா, ஊர் மருதமுனை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நான் இரண்டு சூட்கேசில் உடுப்பும், கசெட் போட்டுப் பார்க்கிற ஒரு டெக்கும், ஒரு யூரியாப் பையுமாகப் போய் இறங்கினேன். அந்தப் பையைக் கண்ட மாமா, மருமகனுக்கு வயல் இருக்கிறதாக்கும் என்று சந்தோஷப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

புது மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் ஒரு மாதிரியான மரியாதை. நான் இருந்தால் மாமா மெத்தைக் கதிரையில் இருக்க மாட்டார். வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பாதிக்கு இருப்பார். நான் என்ன சொன்னாலும் "ஓம் மகன்" என்பார். வெயில் என்றால் ஓம் மகன். மழை வரும் போல இருக்கிறது என்றால் அதற்கும் ஓம் மகன். மாமியோ இன்னும் ஒருபடி மேல். அவ என் முன்னாலேயே வர மாட்டா. நடு அறைக்கும் சமைக்கிற குசினிக்கும் இடையில் பூப்போட்ட ஒரு திரைச்சீலை தொங்கும். மாமியின் குரல் அதற்குப் பின்னாலிருந்துதான் வரும், அதுவும் எனக்கு அல்ல, மகளுக்கு.

"மகள், மாப்பிள்ளைக்கு மீன் பொரிச்சது போதுமா எண்டு கேளு."

மாப்பிள்ளை மூன்று முழத் தூரத்தில் அந்த மீனைத்தான் தின்றுகொண்டிருப்பார். கலியாணமாகி ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், இப்படியே போனது. மாமியின் கால் விரல்களை நான் திரைக்குக் கீழே கண்டிருக்கிறேன், முகத்தைச் சரியாகக் கண்டதில்லை. என் சொந்த உம்மா என் சின்ன வயதிலேயே மௌத்தாகி இல்லாமல் போனதால், அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து ஒருநாளாவது "மகன்" என்று நேரே கூப்பிட மாட்டாவா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. இதை நான் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு படமும் இல்லை. ஏன் என்று றிஸ்வானாவிடம் கேட்டேன். சுனாமியில் கடல் வந்த அன்றைக்கு ஆட்கள் தப்பியதே பெரிய காரியம், பழைய வீட்டில் இருந்த அல்பம், கசெட், அலுமாரி எல்லாம் போய்விட்டது என்றாள்.

"உம்மாக்கு மத்ததெல்லாம் போனது கவலையில்ல. மூத்தவாப்பாட முகம்தான் ஒரு இடத்திலயும் இல்லாமப் போச்சு" என்றாள்.

மூத்தவாப்பா என்றால் மாமியைப் பெற்ற வாப்பா. கடல் வருவதற்கு முதலே மௌத்தானவர். கமராவைக் கண்டால் அவருக்கு ஆகாதாம், மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாராம். அடையாள அட்டையில் மட்டும் ஒரு படம் இருந்திருக்கிறது, அதுவும் அலுமாரியோடு போனது. "வாப்பாட முகம் எனக்கு மறந்துக்கிட்டு வருகுது" என்று மாமி சில நேரம் சொல்லி அழுவாவாம். நான் கவலையாகத் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, இவர்களுக்கெல்லாம் நல்ல படம் ஒன்று போட்டுக் காட்டி மனதைத் தேற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன். (என் முடிவுகளெல்லாம் இப்படித்தான், படத்தில்தான் போய் நிற்கும்.)

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பகல் சாப்பாட்டுக்கு மாமியின் தம்பி, சின்ன மாமா வந்திருந்தார். மருதமுனையில் பெரிய ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர், ஆளும் கடையைப் போலப் பெரியவர். சாப்பிட்டு முடிந்து, இனிப்புக்கு ஆளுக்கொரு கோப்பையில் வட்டிலப்பம். நான் டெக்கை ரீவியில் பூட்டி, நேரம் போதாதென்று தண்டவாளத் தாமரையை இடைவேளையிலிருந்து போட்டேன். மாமா பிளாஸ்டிக் கதிரையில். சின்ன மாமா மெத்தைக் கதிரையில், வட்டிலப்பத்தோடு. றிஸ்வானா பாயில். திரைச்சீலைக்குக் கீழே பத்துக் கால் விரல்கள், அதன் இடுக்கில் ஒரு கண்.

படம் ஓடியது. இரண்டாவது பாட்டில் சின்ன மாமா குறட்டை விட்டார். மாமா கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். எனக்கு அது பிரச்சினையில்லை, கடைசிப் பதினொரு நிமிடத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். ரயில் வந்ததும் எழும்பி ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்ப எல்லாரும் வடிவாப் பாருங்க. இதுதான் படத்தின்ட உயிர்" என்றேன். சின்ன மாமா திடுக்கிட்டு முழித்து மிச்ச வட்டிலப்பத்தைக் கையிலெடுத்தார்.

ரயில் கதவு திறந்தது. கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார்.

மாமா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். என் பேச்சுத்தான் அவரை நிமிர வைத்தது என்று நான் நினைத்தேன்.

"இந்த நடிகரப் பாருங்க மாமா" என்றேன். "நடிப்பும் வராது, நடையும் வராது. ரெண்டு அளவு சின்னச் சப்பாத்த மாட்டின மாதிரி நடக்கிறார். ரோட்டால போன ஒருத்தரப் புடிச்சிக் கோட்டுப் போட்டு விட்டிரிக்காங்க. ஆனா அதுவும் டைரக்டர்ர கெட்டித்தனம்தான்."

"ஓம் மகன்" என்றார் மாமா.

சின்ன மாமாவுக்குப் புரைக்கேறியது. றிஸ்வானா எழும்பி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் நிறுத்தவில்லை. திரையில் இப்போது சாப்பாட்டுப் பந்தி. சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து கை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதில் மீசை அரும்பிய தடித்த இளைஞன் ஒருவன், பக்கத்தில் இருப்பவரின் இறைச்சியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

"இவன் ஆரு மகன்?" என்று கேட்டார் சின்ன மாமா. அவருடைய குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"இவன் ஆள் இல்ல மாமா. இவன் முதலாளித்துவம். மத்தவன்ட பங்கையும் தின்னுறான், பாருங்க. பசியும் இல்ல, வெட்கமும் இல்ல."

"ஓம் மகன்" என்று மாமா மறுபடியும் சொன்னார். இந்த முறை அந்த ஓமில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. சின்ன மாமா கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

பாயிலிருந்து றிஸ்வானா என் சாறன் நுனியைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்க, கொஞ்சம் இரிங்களன்" என்றாள். புருஷனின் அறிவைப் பார்த்துப் பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தேன். இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும்.

அப்போதுதான் திரையில் அந்தக் கிழவர் வந்தார். மெலிந்த ஆள், வெள்ளைச் சாறன், வெள்ளைத் தொப்பி, தோளில் துவாய். முதுகைக் காட்டிக்கொண்டு ஆருக்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்புகிறார். கமரா தன் முகத்துக்கு நேரே நிற்பதைக் காண்கிறார். முகம் சுளிக்கிறது. கையை உயர்த்தி, போ, போ, அங்கால போய் எடு என்று விரட்டுகிறார்.

என் கட்டுரையில் அவருக்கு மட்டும் நான்கு பந்தி. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இவர்தான் காலம்" என்றேன். "பார்க்கிற எங்களப் பார்த்து, கதை முடிஞ்சிது, எழும்பி வீட்ட போங்க எண்டு சொல்றார். இப்படி ஒரு நடிகரை டைரக்டர் எங்க தேடிப் புடிச்சாரோ தெரியா."

திரைச்சீலையின் வளையங்கள் கிரீச்சிட்டன. மாமி வெளியில் வந்தா. கையில் கரண்டியோடு, தலையில் முக்காடு சரிய, என்னையும் தாண்டி ரீவிக்கு முன்னால் போய் நின்றா. ஐந்து கிழமையில் முதல் தடவையாக மாமியை முழுசாகக் கண்டேன். அவ என்னைக் காணவில்லை.

"வாப்பா" என்றா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவைக் கூப்பிடுகிறாவோ என்று திரும்பி மாமாவைப் பார்த்தேன். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மகன், அத நிப்பாட்டுங்க" என்றா மாமி. என்னை நேரே பார்த்து, மகன் என்று.

நிறுத்தினேன். அந்த டெக்கில் நிறுத்தினால் படம் சும்மா நிற்காது, நடுங்கும். கிழவரின் உயர்ந்த கை அப்படியே நின்று நடுங்கியது. விரட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது. மாமி கண்ணாடியில் அந்தக் கையைத் தொட்டா. வாய்விட்டு அழுதா, அழுதுகொண்டே சிரித்தா. சின்ன மாமாவும் எழும்பி வந்து தமக்கையின் பக்கத்தில் நின்று குலுங்கினார்.

"அது என்ட மூத்தவாப்பா" என்று றிஸ்வானா என் காதுக்குள் சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது போனவர், அவளுக்கே அப்போதுதான் அடையாளம் தெரிந்திருக்கிறது. "இது உம்மாக்கும் வாப்பாக்கும் நடந்த கலியாணம்."

என் மூளை மெதுவாக வேலை செய்தது. மூத்தவாப்பா அவர் என்றால், கலியாணம் இது என்றால், காரிலிருந்து இறங்கிய அந்த நடிகர் ஆர்? நான் வாசலோரக் கதிரையைப் பார்த்தேன். தலையில் முடி இல்லை, கோட்டு இல்லை, மாலை இல்லை. மூக்கு மட்டும் அதே மூக்கு.

"அப்ப அந்த நடிகர்" என்று தொடங்கி என்னால் முடிக்க முடியவில்லை.

"ஓம் மகன்" என்றார் மாமா.

முதலாளித்துவம் ஆர் என்று நான் கேட்கவில்லை. அது என் தோளில் கை வைத்து அழுதுகொண்டிருந்தது, கனமாகவும் இருந்தது.

பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. முதல் நொடியிலிருந்தே மாமாவுக்குத் தெரியும். சின்ன மாமாவுக்கும் தெரியும். புது மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்ற மரியாதையில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் அந்த மரியாதையின் மேல் ஏறி நின்றுகொண்டு பிரசங்கம் செய்திருக்கிறேன். எனக்கும் அழுகை வந்தது. பாதி வெட்கத்தில், மீதி மாமியின் சந்தோஷத்தைப் பார்த்து.

மாமாதான் அன்றைக்கு இரவு எனக்கு விஷயத்தைச் சொன்னார். கலியாணக் கசெட்டை இன்னொரு பிரதி எடுக்க அந்த அக்கரைப்பற்று வீடியோக் கடைக்குத்தான் கொடுத்திருக்கிறார். அந்த நாளில் புதுக் கசெட் கிடைப்பது கஷ்டம். பதிவு சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஆரும் எடுக்காத படம் ஒன்றின் வால்பகுதியில் போட்டுப் பார்ப்பார்களாம். தண்டவாளத் தாமரையை விட ஆரும் எடுக்காத படம் அந்தக் கடையில் இருந்திருக்காது. சத்தத்துக்கான வயரைப் பூட்ட மறந்ததால் பதினொரு நிமிடத்தில் நிறுத்திவிட்டு, திரும்ப வேறு கசெட்டில் எடுத்திருக்கிறார்கள். நான் மூன்று பந்தி எழுதிய மௌனம் அந்த வயர்தான். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டு கசெட்டையும் கடல் கொண்டு போனது. இது மட்டும் உரப் பைக்குள் கிடந்து தப்பியிருக்கிறது.

"திருப்பப் போடுங்க மகன்" என்றா, இன்னும் ரீவிக்கு முன்னாலேயே நின்ற மாமி. போட்டேன். கிழவர் வந்தார், விரட்டினார், போனார். எல்லாமாக ஒன்பது விநாடி.

"இன்னொருக்கா."

மூன்றாவது தரம் தவறுதலாகக் கார் வரும் இடம் வரை பின்னோக்கிச் சுற்றும்போது டெக் ஒரு உறுமல் உறுமியது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். என்னுடைய இருபது கசெட்டுகளை அது அப்படி உறுமித்தான் தின்றது. ரீவி நீலமாகிப் போனது.

கசெட்டை வெளியே எடுக்கப் பார்த்தேன். கசெட் வந்தது, நாடா வரவில்லை. உள்ளே சில்லுகளில் சுற்றிக் கிடந்தது. இழுத்தால் அறுந்துவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகு வாப்பாவின் முகத்தைக் கண்ட ஒரு மகள் பின்னால் நிற்கிறா, நான் அந்த முகத்தை மிஷினுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு முன்னால் நிற்கிறேன்.   மாமி ஏசியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்ன மாமா ஓடிப்போய் வெள்ளிக்கிழமை என்று பூட்டியிருந்த தன் கடையைத் திறந்து, பதினெட்டு ஸ்குரூ ட்றைவரும், மூன்று குறடும், ஒரு டோர்ச் லைட்டும், எதற்கென்று தெரியாத ஒரு சுத்தியலும் கொண்டு வந்தார். (சுத்தியலைக் கண்டதும் றிஸ்வானா அதைப் பறித்து ஒளித்து வைத்தாள்.) டெக்கின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கன்னங்கரேல் என்று நாடா, கூந்தல் மாதிரிச் சிக்கிக் கிடந்தது. நான் கையை உள்ளே விடப் போனேன்.

"தள்ளுங்க மகன்" என்றார் மாமா.

இந்த வீட்டுக்கு வந்து ஐந்து கிழமையில் அவர் என்னிடம் சொன்ன, ஓம் இல்லாத முதல் வார்த்தை அது. நான் தள்ளினேன். மாமா பாயில் குப்புறப் படுத்து, முகத்தை டெக்குக்குள் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு மூன்று கைத்தறி ஓடுகிறது. நூலில் சிக்கு விழுந்தால் நெசவு செய்கிறவர்கள் கூட அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அன்றைக்குத்தான் அந்த விரல்களை நான் பார்த்தேன். இழுக்கவே இல்லை. தளர்த்தினார், எதிர்ப் பக்கம் சுற்றினார், ஊதினார், இன்னும் தளர்த்தினார். சின்ன மாமா டோர்ச் பிடித்தார். நான் மூச்சைப் பிடித்தேன். மாமி வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தா. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கேட்டபோது நாடா முழுசாக வெளியே வந்தது. எங்கேயும் அறவில்லை. ஒரு சாண் அளவு மட்டும் கசங்கியிருந்தது.

அஸர் தொழுதுவிட்டு வந்து சின்ன மாமாவின் வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். என்னை ரிமோட்டைத் தொட விடவில்லை. கிழவருக்கு ஒரு கீறலும் இல்லை. முகம் சுளித்து, கையை உயர்த்தி, எங்கள் எல்லோரையும் விரட்டினார். மாமி சிரித்தா. கசங்கியது மாமா காரிலிருந்து இறங்கி நடக்கிற இடம். அங்கே படம் கோணிக்கொண்டு, அவருடைய கால் இரண்டும் திசைக்கொன்றாகப் போயின.

"மாமா, மன்னிச்சிக்கங்க. உங்கட இடம் பழுதாப் போச்சு" என்றேன்.

"அதுக்கென்ன மகன். நட சரியில்ல எண்டு நீங்க முதலே சொல்லிட்டீங்கதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா என் பக்கம் சரிந்து, மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னது சரிதான். அது இரவல் சப்பாத்து. ரெண்டு அளவு சின்னன். காரால இறங்கக்குள்ள உசிர் போச்சு."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆயிரம் கருத்துகளில் அது ஒன்றுதான் சரியாக இருந்திருக்கிறது. அன்றைக்கு மாமா முதன்முதலாக மெத்தைக் கதிரையில், எனக்குப் பக்கத்தில், முழுசாகச் சாய்ந்து இருந்தார். திரைச்சீலையை மாமி அடுத்த கிழமை கழற்றித் தலையணை உறை தைத்துவிட்டா.

இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அந்தப் பதினொரு நிமிடத்தைக் கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கம்பியூட்டரில் ஏற்றி, கிழவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினோம். அந்த வீட்டுச் சுவரில் ஏறிய முதல் படம் அது. கதவால் உள்ளே வருகிற எல்லோரையும் பார்த்து, போ, போ என்று கையை விசுக்குகிறார். வந்தவர்கள் அதிக நேரம் இருந்தால் சின்ன மாமா அந்தப் படத்தை ஒருதரம் பார்ப்பார், பிறகு அவர்களைப் பார்ப்பார். குடும்பத்தில் ஆராவது கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தால் சின்னப் பிள்ளைகள் கூட முகத்தைச் சுளித்துக் கையை உயர்த்துகிறார்கள். எங்கள் வீட்டுக் கலியாண அல்பங்களைப் பார்த்தால் ஊரையே விரட்டுகிற குடும்பம் போல இருக்கும்.

சின்ன மாமாவை வீட்டில் ஆரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "முதலாளித்துவத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்றுதான் மாமியே சொல்லுவா. நான் புதிதாக ஏதாவது பழைய படத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் எல்லோரும் வந்து இருப்பார்கள், மாமி முன்வரிசையில். படம் தொடங்க முதல் அவ கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"மகன், இதுல எங்கட ஆக்கள் ஆரும் இரிக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க, உடுப்ப மாத்திக்கிட்டு வாறன்."

முகநூலில் என் பதினான்கு பந்திக்கு ஒரு திருத்தம் எழுதினேன். அதுவரை என் தம்பியின் இரண்டு பெயருக்கு வெளியே காணாத அளவுக்கு விருப்பங்கள் விழுந்தன. போன மாதம், எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். தன்னிடம் தண்டவாளத் தாமரை முழுப் படமும் இருக்கிறதாம், கடைசிக் காட்சியோடு. இணைப்பும் போட்டிருந்தார். ரயில் கதவு திறந்ததும் என்ன நடந்தது, அந்த ஆள் வந்தானா இல்லையா என்று இருபது வருடமாக எனக்குத் தெரியாது. கை துறுதுறுத்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ரீவியில் போடப் போனேன்.

"வேணாம் மகன்" என்றா மாமி.

"ஏன் மாமி? அவன் வந்தானா எண்டு பார்க்க வேணாமா?"

"அந்தக் கதவால உங்கட மாமாதான் இறங்கினார். நான் கண்டன். இப்ப அதத் தொறந்தா வேற ஆரோ ஒருத்தன் இறங்குவான். எனக்கு அது சரிவராது."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஓம் மகன். அந்தச் சப்பாத்தோட நான் பட்ட பாட்ட இன்னொருத்தனுக்குக் குடுக்க ஏலா."

அந்த இணைப்பை நான் இன்றுவரை திறக்கவில்லை. தண்டவாளத் தாமரையைப் பற்றி உலகத்திலேயே அதிகமாக எழுதிய விமர்சகன் நான்தான், அதன் முடிவைப் பார்க்காதவனும் நான்தான்.